சாமான் ஏறும் முன்பே இடம் முடிவாகட்டும்: சிறிய வீட்டுக்குக் குடிபோகிறவர்களின் கேள்விகள்

பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு மாறுவது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். மூன்று படுக்கையறை வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அடுத்த மாதம் மாறுகிறோம். எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று தினமும் வாக்குவாதம். "எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். குடிபோகும் நாளில் நடக்கும் குளறுபடியில் பெரும்பங்கு, முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவுகளை அன்றைக்குத் தள்ளிப்போட்டதால் வருவது. இரண்டு பேர் பீரோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. "இப்போதைக்கு ஹாலில் வையுங்கள்" என்பதுதான் வாயில் வரும். ஹால் நிறைந்ததும் அடுத்த சாமான் நடைவழியில் நிற்கும். அதன்பிறகு எதை நகர்த்தவும் வழி இருக்காது. பெரிய வீட்டுக்குப் போகிறவர்கள் இப்படிச் சமாளித்துவிடலாம், அங்கே காலி அறை ஒன்று கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது.

இன்ச் டேப், கிராஃப் தாள், பென்சில் இவை போதும். புது வீட்டின் சாவி கிடைத்ததும், இல்லாவிட்டால் அனுமதி வாங்கியாவது, ஒரு முறை போய் அளந்து வாருங்கள். ஒரு அடிக்கு 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 10க்கு 12 அடி அறை ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கும். சுவர் அளவோடு நிறுத்திவிட வேண்டாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவிட்ச் போர்டு எங்கே, தூண் எங்கே பிதுங்கி நிற்கிறது, பரண் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். உங்கள் கட்டில், பீரோ, சோபா, மேசை ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள்.

10க்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். 5 அடி அகலக் கட்டிலும் 2 அடி ஆழ அலமாரியும் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி நின்றால் நடுவே 3 அடி மிச்சம். அலமாரிக் கதவைத் திறந்து எதிரே நின்று துணி எடுக்க அது தாராளம். ஆனால் சுவர் ஓரம் படுப்பவர் இரவில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அது யாராக இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள். அதே அறையில் 6 அடி அகலக் கட்டில் போட்டால் மிச்சம் 2 அடிதான். ஒன்றரை அடி அகலக் கதவு திறக்கும், ஆனால் அதற்கு முன்னால் ஆள் நிற்க இடம் இருக்காது. அந்த அறைக்கு அந்தக் கட்டில் வேண்டாம், அல்லது தள்ளுகதவு வைத்த அலமாரி வேண்டும். முடிவு தாளிலேயே தெரிந்துவிடுகிறது. நடக்கும் வழிக்கு இரண்டரை அடியாவது விடுங்கள். அறைக் கதவு திறந்து மூடும் வளைவுக்குள் எதுவும் வரக்கூடாது.

அடுத்து சின்னப் பொருட்கள். "பாதியைக் கழித்துவிடு" என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புது வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை முதலில் கணக்கிடுங்கள். தச்சர்கள் சொல்கிற ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது தட்டு, கம்பி இவற்றின் நீளத்தை மட்டும் அடியில் அளப்பது, இதற்கு நன்றாக உதவும். ஒரு அடித் தட்டில் நடுத்தரப் பருமனுள்ள புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு நிற்கும். ஒரு அடிக் கம்பியில் எட்டுப் பத்து ஹேங்கர்கள் நெருக்காமல் தொங்கும். புத்தகத்துக்கு மொத்தம் 12 அடித் தட்டுதான் இருக்கிறது என்றால் நூற்றிருபது, நூற்று நாற்பது புத்தகங்கள்தான் கொள்ளும். எந்த நூற்று நாற்பது என்பதை அவரவர் தேர்ந்தெடுக்கட்டும். வேண்டியதை எடுத்து வைக்கச் சொன்னால் வேலை நடக்கிறது, வேண்டாததைத் தூக்கிப் போடச் சொன்னால் சண்டைதான் வருகிறது.

மாறுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள். விற்பதற்கும், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதற்கும், பழைய சாமான்காரரை வரச்சொல்வதற்கும் அவ்வளவு நாள் வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்கினால் நல்ல பொருளும் குப்பைக்குத்தான் போகும்.

கேள்வி: சென்ற முறை வீடு மாறியபோது பீரோவை அறைக்குள் கொண்டுபோன பிறகு நிமிர்த்த முடியவில்லை. சோபா படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. படுக்கவைத்துக் கொண்டுவந்த பீரோவை நிமிர்த்தும்போது அதன் மூலை, பீரோவின் உயரத்தைவிட மேலே போய்விட்டுத்தான் நேராகும். எவ்வளவு மேலே என்பதற்குக் கணக்கு இருக்கிறது: உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 78 அங்குல உயரம், 19 அங்குல ஆழம் கொண்ட இரும்பு பீரோவுக்கு இது 80 அங்குலத்துக்குச் சற்றே மேல். 7 அடி உயரம், 2 அடி ஆழம் கொண்ட மர அலமாரிக்கு 87 அங்குலத்தைத் தாண்டும். கணக்குப் போட விருப்பமில்லை என்றால், பீரோவின் பக்கவாட்டில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு டேப்பைப் பிடித்தாலே அந்த எண் வந்துவிடும்.

பெரும்பாலான அறைகளின் கூரை இதைவிட உயரம்தான். பிரச்சினை பரணுக்குக் கீழே. பரணின் அடிப்பக்கம் 79 அங்குலத்தில் இருந்தால் 78 அங்குல பீரோ அங்கே நிற்கும், ஆனால் அங்கேயே வைத்து நிமிர்த்த முடியாது. பரண் இல்லாத இடத்தில் நிமிர்த்திவிட்டு, கால்களுக்கு அடியில் மடித்த சாக்கு அல்லது பழைய கம்பளம் போட்டு உள்ளே தள்ளுங்கள். ஓடும் மின்விசிறிக்கு அடியில் நிமிர்த்தும் வேலை கூடாது. அணைத்துவிட்டு, இறக்கை நிற்கும்வரை காத்திருங்கள்.

சோபாவுக்கு நீளம், ஆழம், உயரம் மூன்றும் எடுங்கள். ஆழம், உயரம் இரண்டில் சிறியது எதுவோ, அது வாசலின் திறந்த அகலத்துக்குள் வர வேண்டும். திறந்த அகலம் என்றால் நிலையின் உள் அளவு அல்ல, கதவு திறந்து நிற்கும்போது உண்மையில் மிஞ்சும் வழி. கதவின் பருமன் ஒன்று, ஒன்றரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். பற்றாக்குறை அவ்வளவுதான் என்றால் கீல் ஊசியைக் கழற்றிக் கதவை இறக்கிவிட்டால் போதும். சோபாக் கால்கள் பெரும்பாலும் திருகிக் கழற்றக்கூடியவை, அதில் நான்கைந்து அங்குலம் கிடைக்கும். படிக்கட்டுத் திருப்பத்தில் சோபாவைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே திருப்பத்தின் தலைக்கு மேல் உள்ள உயரம் சோபாவின் நீளத்தைவிடக் கூடுதலா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அந்த வழியில் ஏறாது. லிஃப்டில் ஏற்றுவதாக இருந்தால் கூண்டின் அளவோடு அதன் கதவின் உயரத்தையும் எடுங்கள்.

கேள்வி: எல்லா அட்டைப்பெட்டியிலும் எந்த அறையின் சாமான் என்று எழுதித்தான் ஒட்டினோம். ஆனாலும் புது வீட்டில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன்?

பதில்: பழைய வீட்டின் அறைப் பெயரை எழுதியிருப்பீர்கள். "பின்பக்க அறை" என்று எழுதிய பெட்டிக்குப் புது வீட்டில் இடமே இல்லை, ஏனென்றால் அந்த அறையே அங்கே கிடையாது. சேரும் இடத்தை எழுதுங்கள்: "சமையலறை மேல் தட்டு", "சின்ன அறை, அலமாரியின் கீழ்ப்பகுதி", "பரண்". இடம் எழுத முடியாத பெட்டி இருந்தால் அதிலுள்ள பொருளைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று பொருள். அந்தப் பெட்டியை அன்றே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

எழுத்து மேல்பக்கத்தில் வேண்டாம், அடுக்கியதும் மறைந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு பக்கச்சுவர்களில் மார்க்கரால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒரு நோட்டில் எண்ணுக்கு எதிரே உள்ளிருப்பதை எழுதிவையுங்கள். இறக்கும்போது எண்ணை அடித்துக்கொண்டே வந்தால் ஒரு பெட்டி விடுபட்டாலும் லாரி கிளம்பும் முன்பே தெரிந்துவிடும்.

பெட்டி கட்டுவதில் இரண்டு விஷயங்கள். புத்தகத்துக்குச் சிறிய பெட்டிதான். ஒரு கன அடிப் பெட்டி நிறையப் புத்தகம் என்றாலே 15 முதல் 20 கிலோ வரும். பெரிய பெட்டியில் அடைத்தால் அடிப்பக்கம் பிய்ந்துவிடும், தூக்குபவரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்க இணைப்பின் மேல் நீளவாக்கில் ஒரு டேப், இரு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று என ஒட்டினால் எடை தாங்கும். பீங்கான் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்கும்படி வரிசையாக வையுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கசக்கிய தாள் இருக்கட்டும். மூடும் முன் பெட்டியை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் தாள் திணிக்க வேண்டும்.

கேள்வி: அன்றைய நாளை எப்படி ஒழுங்குபடுத்துவது? எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு உத்தரவு போடுவார்கள். இரண்டு குழந்தைகள், ஒரு பூனை வேறு.

பதில்: சாமான் தூக்க வருகிறவர்களிடம் பேச ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒருவர்தான். இதை முந்தின இரவே எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்துவிடுங்கள். "கட்டிலை முதலில் எடு" என்று ஒருவரும் "வேண்டாம், ஃப்ரிட்ஜை எடு" என்று இன்னொருவரும் சொன்னால் அவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள். பழைய வீட்டில் ஒருவர், புது வீட்டில் ஒருவர். புது வீட்டில் இருப்பவர் லாரிக்கு முன்பே போய், முன்பு வரைந்த தாள்களை அந்தந்த அறைக் கதவில் ஒட்டிவிட வேண்டும். கட்டிலும் பீரோவும் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிட்டால் இன்னும் நல்லது. கேள்விக்கே இடம் இருக்காது.

லாரியில் கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். கனமானவை, அதாவது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எல்லாம் டிரைவர் கேபினை ஒட்டிய முன்பக்கம், நிமிர்ந்த நிலையில், பக்கச் சட்டத்தோடு கயிற்றால் கட்டி ஏற வேண்டும். பெட்டிகள் நடுவில். கட்டிலும் மெத்தையும் கடைசி. புது வீட்டில் கட்டிலை முதலில் பூட்டுங்கள். பெட்டிகள் நிறைந்த பிறகு கட்டில் பூட்ட இடம் தேடினால் அன்றிரவு எல்லோரும் தரையில்தான். கட்டில் கழற்றும்போது வரும் போல்ட்டு, நட்டு, ஆலன் கீ அத்தனையையும் ஒரு ஜிப் பையில் போட்டு, அந்தக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். "பத்திரமாக" தனிப் பெட்டியில் வைத்தால் அந்தப் பெட்டி எங்கே என்று தேட வேண்டிவரும்.

லாரியில் ஏறவே கூடாத ஒரு பை உண்டு. மருந்துகள், மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரங்கள், நகை, போன் சார்ஜர், எக்ஸ்டென்ஷன் கார்டு, இரண்டு பல்பு, டார்ச், கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர், சோப்பு, துண்டு, ஆளுக்கு ஒரு செட் துணி. இது குடும்பத்தில் ஒருவரின் கையிலேயே இருக்கட்டும். பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றை வீட்டுச் சாமானோடு மூடிய லாரியில் ஏற்றாதீர்கள்.

பூனையைக் காலையிலேயே குளியலறையில் தண்ணீர், மண் தட்டோடு விட்டுக் கதவைச் சாத்தி, "திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும், பயந்த பூனை ஓடினால் பிடிப்பது கஷ்டம். கடைசியாக அதைக் கூண்டில் எடுத்துப்போய், புது வீட்டில் சில நாட்களுக்கு ஒரே அறையில் வைத்துப் பழக்குங்கள். சின்னக் குழந்தைகளை அன்று பகலில் உறவினரிடம் விடுவது எல்லோருக்கும் நல்லது. விட முடியாது என்றால் ஒரு பெரியவருக்கு அன்று முழுக்க அது மட்டுமே வேலை.

பழைய வீட்டைப் பூட்டும் முன் மின்மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். பரண், கதவுகளின் பின்புறம், மொட்டைமாடிக் கொடி, குளியலறை மேல் தட்டு, கேஸ் அடுப்பு மேடையின் அடி இவற்றையெல்லாம் கடைசியாக ஒரு முறை பாருங்கள். மறந்துபோகும் பொருட்கள் கிடப்பது இங்கேதான்.

கேள்வி: முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின். வீடு மாறிய பிறகு பிழியும்போது அறை முழுக்க குதிக்கிறது. என்ன ஆகியிருக்கும்?

பதில்: இந்த வகை மெஷினில் டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டி மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கி, கீழே ஷாக் அப்சார்பர்களில் நிற்கிறது. புதிதாக வந்தபோது பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீள போல்ட்டுகள் அந்தத் தொட்டியை ஆடாமல் பிடித்திருக்கும். பொருத்த வந்தவர் அவற்றைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்திருப்பார். இடம் மாற்றும்போது அவற்றைத் திரும்பப் போட வேண்டும், ஓட்டும் முன் மறுபடி கழற்ற வேண்டும்.

உங்கள் மெஷினில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், போல்ட்டுகள் போட்டபடியே ஓட்டுகிறீர்களா? அப்படியானால் உடனே நிறுத்திக் கழற்றுங்கள். அடுத்து கால்கள். மேலே கை வைத்து எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் குறைவாக உள்ள காலைத் திருகி உயர்த்தி, அதன் பூட்டு நட்டை இறுக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மூன்றாவது, கதவைத் திறந்து டிரம்மை உள்ளங்கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து மேலும் கீழும் ஆடினாலோ, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தாலோ ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது அல்லது ஸ்பிரிங் கழன்றிருக்கிறது. மெக்கானிக் வரும்வரை பிழிய விடாதீர்கள், தொட்டி வெளிச்சட்டத்தில் மோதி வேறு செலவு இழுத்துவிடும்.

இனி மாறப்போகிறவர்களுக்கு: போல்ட்டு தொலைந்துவிட்டால் மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் வாங்கலாம். குழாயைக் கழற்றும் முன், முன்பக்கம் கீழே உள்ள ஃபில்டர் மூடியை அகலத் தட்டு வைத்துத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். இல்லாவிட்டால் அது மெத்தைமேல்தான் வடியும்.

கேள்வி: ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே போடலாமா?

பதில்: போடாதீர்கள். படுத்த நிலையில் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்து, அது படுத்திருந்த நேரமாவது காத்திருங்கள். நெடுந்தூரம் வந்தது என்றால் ஒரு நாள் விடுவதே பாதுகாப்பு. நிமிர்ந்தே வந்த ஃப்ரிட்ஜுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதும். சிறிய சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு தவறான பக்கம் திறந்து வழியை மறித்தால், பல மாடல்களில் கீலை மறுபக்கம் மாற்ற முடியும். மேலும் கீழும் மூடிபோட்ட திருகு ஓட்டைகள் எதிர்ப்பக்கத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியைக் கழற்றிப் பூட்டிய பிறகு ஆடுகிறது. கதவுகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை என்பதால், ஒரு முறை கழற்றிய திருகு அதே ஓட்டையில் முதல் தடவை போலப் பிடிக்காது. கழற்றாமல் தூக்கினாலும் ஆபத்துதான், பக்கவாட்டில் நெளிந்து இணைப்புகள் உடையும். ஆகவே கழற்றத்தான் வேண்டும், திரும்பப் பூட்டும் முறைதான் முக்கியம்.

தளர்ந்த ஓட்டையை 8 மி.மீ. துரப்பணத்தால் பெரிதாக்கி, மரப் பசை தடவிய 8 மி.மீ. மர ஆணியை உள்ளே தட்டி, வெளியே நீட்டுவதை மட்டமாக அறுத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். பலகையின் மறுபக்கம் துளை வந்துவிடாமல் இருக்க, எவ்வளவு ஆழம் போகலாம் என்று துரப்பணத்தின் மேலேயே டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். காய்ந்ததும் 4 மி.மீ. திருகுக்கு இரண்டரை, 3 மி.மீ. துளை போட்டுப் புதிதாக முடுக்கலாம். மின்ஸ்குரூ டிரைவர் வேண்டாம், கையால் முடுக்கி, இறுகியதும் நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று என்று ஆசைப்பட்டால் பலகை பொடிந்துவிடும்.

கதவு இடிப்பதற்குக் காரணம் வேறு. அலமாரி சதுரமாக நிற்கவில்லை. முதுகுப் பலகைதான் இதற்கு முதுகெலும்பு. அதை அடிக்கும் முன் முன்பக்கம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கும், அடுத்த இரு மூலைகளுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக வரும்வரை சட்டத்தைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு அப்போதுதான் முதுகுப் பலகையைப் பொருத்த வேண்டும். தரை சாய்வாக இருந்தால் காலுக்கடியில் சிறு துண்டு கொடுங்கள். கடைசியில் மேல்பக்கத்தை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தை இழுப்பறைகளில் ஏறினால் அலமாரி அப்படியே முன்பக்கம் சாயும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஈரத்தில் உப்பிப்போன பலகைக்கு மட்டும் வைத்தியம் இல்லை. அதை ஏற்றுக்கூலி கொடுத்து எடுத்துப்போக வேண்டாம்.

கேள்வி: ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றி மாட்டினால் கேஸ் போய்விடுமா?

பதில்: முறையாகக் கழற்றினால் போகாது. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூட வேண்டும். கம்ப்ரஸர் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கேஜில் அழுத்தம் கிட்டத்தட்டச் சுழியத்துக்கு வந்ததும் பருத்த குழாயின் வால்வை மூடி, உடனே அணைத்துவிட வேண்டும். கேஜ் கொண்டுவராத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புது வீட்டில் மாட்டும்போது குழாயின் முனைகளை வெட்டிப் புதிதாக விரிக்கச் சொல்லுங்கள். வால்வுகளைத் திறக்கும் முன் வாக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது கட்டாயம். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயைக் கெடுத்து கம்ப்ரஸரைத் தின்றுவிடும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே காற்றை வெளியேற்றுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பல ஏ.சி.களில் குளிரூட்டப் பயன்படும் ஆர்32 என்ற கேஸ் ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது. கடைசியில் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. கொஞ்சம் மறதி. புது வீட்டில் முதல் இரவை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான், விழுவதற்கான வாய்ப்பு அன்று அதிகம். அவரைக் காலையிலிருந்து சந்தடியில் உட்கார வைக்காமல், அவருடைய இடம் தயாரான பிறகு கூட்டி வாருங்கள். மற்ற எந்தப் பெட்டியைத் தொடும் முன்பும் அவருடைய கட்டிலைப் பூட்டி, அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்வை, தலையணை, கடிகாரத்தை வைத்துவிடுங்கள். பழைய வீட்டில் வலது பக்கம் இறங்கிப் பழகியவர் என்றால் இங்கேயும் வலது பக்கம்தான் இறங்கும்படி கட்டில் இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் உடம்பு பழைய வழியிலேதான் போகும்.

கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஒரு பெட்டிகூட இருக்கக்கூடாது, சுருண்ட மிதியடியும் வயரும்கூட. வழியில் இரவு விளக்கு எரியட்டும். கழிப்பறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி, கதவைத் திறந்தே வையுங்கள். இருட்டும் முன் அவரை இரண்டு மூன்று முறை அந்த வழியே நடத்திக் கூட்டிப்போய், சுவிட்சை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். முதல் சில இரவுகள் யாராவது அதே அறையில் படுப்பது நல்லது.

கேள்வி: இரண்டடி நீள மீன் தொட்டியைத் தண்ணீரோடு தூக்கிப்போகலாமா?

பதில்: கூடாது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே 56 லிட்டருக்கு மேல், அதாவது 56 கிலோ. தூக்கும்போது தொட்டி லேசாக முறுக்கினாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். மீன்களைத் தொட்டித் தண்ணீரிலேயே மூடிபோட்ட வாளியில் கொண்டுபோங்கள், இன்னும் பாதித் தண்ணீரை வேறு வாளியில் சேமியுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், காயவும் விடாமல் அதே தண்ணீரில் போட்டு வையுங்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. கற்களையும் எடுத்துவிட்டு வெறும் தொட்டியை மட்டும் தூக்குங்கள்.

கேள்வி: மாறி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பத்துப் பதினைந்து பெட்டிகள் பிரிக்காமல் ஹாலை அடைத்துக்கொண்டிருக்கின்றன. "இதுவரை தேவைப்படவில்லையே, அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம்" என்கிறான் மகன்.

பதில்: பார்க்காமல் போடாதீர்கள். அவசரத்தில் கடைசியாகக் கட்டிய பெட்டிகளில்தான் மேசை இழுப்பறையில் இருந்ததெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கொட்டப்பட்டிருக்கும். சான்றிதழும் பழைய மின்ரசீதும் ஒரே உறைக்குள் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, அரை மணி நேரம் என்று வையுங்கள். பெட்டியில் இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, இடம் இருப்பதை அதனதன் இடத்தில் வைத்து, மிச்சத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும் அல்லது விற்றுவிட வேண்டும். பாதி எடுத்துவிட்டு மூடினால் அது இன்னும் மூன்று மாதம் அங்கேயே நிற்கும்.

பிரிக்கும்வரை எல்லாப் பெட்டிகளையும் ஒரே சுவரை ஒட்டி, கனமானவை கீழே இருக்க, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். ஜன்னலையும் சுவிட்ச் போர்டையும் மறைக்க வேண்டாம். வெளிச்சுவர் ஓதம் காக்கும் என்றால் கைப்பிடி இடைவெளி விட்டு, அடியில் பலகை கொடுங்கள். காகிதம் உள்ள பெட்டிகளை முதலில் பிரியுங்கள், அட்டைக்குள் கரையான் வந்தால் முதலில் போவது அவைதான்.